துறைமுகத்து ஆங்கிலத்தில் தைரியம் சொல்வது எப்படி?



போன மழைக்காலத்தில் ஒரு தாய் நம் அலுவலகத்துக்கு வந்தார். கொழுந்து நிறுத்துவிட்டு நேரே வந்திருந்தார், இடுப்புப் படங்குகூட அவிழ்க்கவில்லை. மகன் திருகோணமலைப் பக்கம், நிலாவெளியில் ஒரு ஹோட்டல் குசினியில் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம். “அங்க மேல உள்ளவரு எந்நேரமும் ‘பக் அப், பக் அப்’னு கத்துறாராம். புள்ளைக்கு அர்த்தம் வெளங்கல. அது கெட்ட வார்த்தையா? கெட்ட வார்த்தைன்னா சொல்லுங்க, போய் கூட்டிக்கிட்டு வந்துர்றேன்” என்றார்.

கெட்ட வார்த்தை இல்லை அம்மா என்றோம். ‘பக் அப்’ என்றால் சுறுசுறுப்பாகு, சோர்ந்து நிற்காதே, கையை வேகமாக ஓட்டு என்று அர்த்தம். ஏறக்குறைய அதே ஓசையில் ஆங்கிலத்தில் உண்மையாகவே ஒரு கெட்ட சொல் இருக்கிறது, அதனால் அந்த அம்மாவின் சந்தேகத்திலும் நியாயம் இருக்கத்தான் செய்தது. ஆனால் அவர் போன பிறகு நமக்கு யோசனை வந்தது. தைரியம் சொல்ல வந்த ஒரு சொல், கேட்ட பையனுக்கு ஏச்சாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது. பிழை அவன் காதிலா, சொன்னவர் வாயிலா?

தோட்டத்துக்கு வந்து சேர்ந்த ஆங்கிலச் சொற்களை எண்ணிப் பாருங்கள். பெரட்டு, செக்ரோல், டிவிஷன், நோம், வார்னிங். ‘பெரட்டு’ என்பதே ‘பரேட்’ என்ற சொல் நம் வாயில் புரண்டு வந்ததுதான். நூற்றைம்பது வருஷத்துக்கு மேலாக ஆங்கிலம் நம்மோடு வேலை, அளவு, தண்டனை பற்றித்தான் பேசியது. ஒருவனைத் தூக்கிவிடும் ஆங்கிலச் சொல் பெரட்டுக் களத்தில் காதில் விழுந்ததாக நம் பெரியவர்கள் யாரும் சொல்லி நாம் கேட்டதில்லை. அதனால் நம் பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தில் எது உரத்துக் கேட்டாலும் முதலில் ஏச்சாகத்தான் படுகிறது.

இன்று நம் பிள்ளைகள் மலையை விட்டு இறங்கிப் பல இடங்களுக்குப் போகிறார்கள். கண்டியில் பஸ் ஏறி, தம்புள்ளை, ஹபரணை தாண்டித் திருகோணமலைக்குப் போகிறவர்களும் உண்டு. உப்புவெளி, நிலாவெளிக் கரையில் ஹோட்டல்கள் இருக்கின்றன. சீனக்குடாவில் பெரிய மா ஆலை இருக்கிறது. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் மலையகப் பிள்ளைகளும் படிக்கிறார்கள். அந்த மாவட்டம் நமக்கு முற்றிலும் அந்நியமும் இல்லை. 1977, 1983 கலவரங்களுக்குப் பிறகு தோட்டங்களை விட்டுப் போன குடும்பங்களில் சில அங்கேயும் குடியேறின.

ஆகவே வேறொரு வேலையாக மூன்று நாள் திருகோணமலை போனபோது, இந்த விஷயத்தையும் மனதில் வைத்துக்கொண்டு போனோம். துறைமுகம் பார்த்த கண்ணோடு எழுதுவதால் கொஞ்சம் உப்புக் காற்று வீசும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்தத் துறைமுகத்தை ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயர் பிடித்தது 1795இல். 1957இல்தான் அவர்கள் கடற்படைத் தளத்தை இலங்கையிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார்கள். நூற்று அறுபது வருஷத்துக்கு மேல் ஆங்கிலக் கப்பற்காரர் பேச்சு அங்கே ஒலித்தது. வெள்ளைக்காரன் ஒருவனை உற்சாகப்படுத்தச் சொல்லும் சொற்களில் பாதி கப்பலிலிருந்து இறங்கி வந்தவை போலத்தான் நமக்குத் தோன்றுகிறது.

‘சியர்’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். ‘சியர் அப்’ என்று சொன்னால் ‘கவலையை விடு, முகத்தை மலர்த்து’ என்று அர்த்தம். இந்தச் சொல் பழைய பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தபோது அதற்கு ‘முகம்’ என்றுதான் பொருள். பிறகு முகத்தில் தெரியும் மனநிலை என்றாயிற்று, பிறகு நல்ல மனநிலை என்றே ஆகிவிட்டது. பலர் சேர்ந்து சத்தமிட்டு வாழ்த்துவதற்கும் ‘சியர்’ என்றே பெயர். 1720இல் டானியல் டிஃபோ எழுதிய ஒரு கதையில் அந்த அர்த்தம் கடலோடிகளின் பேச்சு என்று குறித்திருக்கிறார். பாடசாலை விளையாட்டுப் போட்டியில் ‘திரீ சியர்ஸ்’ என்று கேட்டு, பிள்ளைகள் ‘ஹிப் ஹிப் ஹுரே’ போடுகிறார்களே, அந்தச் சியர்தான்.

முகம் என்ற அர்த்தத்தை நினைவில் வைத்துக்கொண்டால் ‘சியர் அப்’பை எப்போது சொல்லக் கூடாது என்பதும் விளங்கிவிடும். மழைக்கு விளையாட்டு நின்றுபோய் முகம் வாடிய பிள்ளையிடம் சொல்லலாம். சாவு வீட்டில் சொன்னால்? ‘முகத்தைச் சரி பண்ணு’ என்று சொன்ன மாதிரி இருக்கும். ‘சின் அப்’ என்பதும் இதன் தம்பிதான். சொல்லுக்குச் சொல் பார்த்தால் நாடியை உயர்த்து. தலை கவிழாதே என்று நாம் சொல்வதுதான் அது. நாம் சந்தித்த ஒரு பையன், ஹட்டன் பக்கத்துக்காரன், ஒரு வெள்ளைக்கார அம்மா அவனிடம் ‘சின் அப்’ என்றதும் உண்மையாகவே நாடியைத் தூக்கி நின்றானாம். போட்டோ எடுக்கப் போகிறார் என்று நினைத்தானாம்! சொல்லிவிட்டு அவனே விழுந்து விழுந்து சிரித்தான்.

இன்னொரு பையன் கதை ஹோட்டல்காரருக்கு நன்றாகப் பிடிக்கும். ‘வெல் டன்’ என்றால் நன்றாகச் செய்தாய், சபாஷ். பாடசாலையில் கொப்பியில் சிவப்பு மையில் எழுதுவார்கள். இவன் மேசைக்குப் போய் இறைச்சிக்கு ஓடர் எடுத்தபோது அந்த ஆள் ‘வெல் டன்’ என்றார். இவன் ‘தேங்க் யூ சேர்’ என்று சொல்லிவிட்டுச் சந்தோஷமாக வந்துவிட்டான். இறைச்சியை உள்வரைக்கும் நன்றாக வேகவைத்துக் கொண்டு வா என்பதற்கும் அதே ‘வெல் டன்’தான் என்று குசினியில் ஏச்சு வாங்கியபோதுதான் தெரிந்தது.

இப்படிச் சிரித்து விடக்கூடிய பிழைகள் ஒருபுறம் இருக்கட்டும். நாம் கவனித்துச் சொல்ல வேண்டியது வேறொன்று.

துறைமுகத்தில் கப்பல் கட்டுவதற்கும் வழி காட்டுவதற்கும் மிதவைகள் போட்டிருக்கிறார்கள். ஆங்கிலத்தில் அதற்கு ‘போய்’ என்று பெயர். அதை வைத்தே ‘போய் அப்’ என்று ஒரு சொல் உண்டு. மூழ்கப் போகிறதை மேலே மிதக்க வைப்பது. மனம் உடைந்தவனை ஒரு நல்ல செய்தியோ ஒரு நண்பனின் வருகையோ தாங்கிப் பிடித்தால் அதைத்தான் இப்படிச் சொல்வார்கள். மிதவை எப்படி வேலை செய்கிறது பாருங்கள். தண்ணீருக்குள் இருந்துகொண்டு, அடியிலிருந்து தாங்குகிறது. கரையில் நின்று ‘மேலே வா, மேலே வா’ என்று கத்துவதில்லை. ‘பூஸ்ட்’ என்பதும் அப்படிப்பட்ட சொல்தான். முதலில் அதற்கு ஒருவனைப் பின்னாலிருந்தோ கீழிருந்தோ தள்ளி மேலே ஏற்றிவிடுவது என்று அர்த்தம். மதில் ஏறத் தோள் கொடுப்போமே, அந்த மாதிரி. கொரோனாக் காலத்தில் நாமெல்லாம் போட்டுக்கொண்ட பூஸ்டர் ஊசியின் பெயரும் இதிலிருந்து வந்ததே.

‘என்கரேஜ்’ என்ற சொல்லை எல்லாருக்கும் தெரியும். ஊக்கப்படுத்துவது என்று புத்தகத்தில் போடுவார்கள். அதன் உள்ளே இருப்பது இருதயம். பழைய பிரெஞ்சில் ‘கோர்’ என்றால் இருதயம், அதிலிருந்து ‘கரேஜ்’, அதாவது தைரியம். ஒருவனுக்குள்ளே நெஞ்சுரத்தை வைப்பதுதான் என்கரேஜ். ‘கம்ஃபர்ட்’டை நாம் இன்று மெத்தைக்கும் கதிரைக்கும் சொல்கிறோம். அதுவும் முதலில் பலம் கொடுப்பது என்ற அர்த்தத்தில் வந்ததே. லத்தீனில் ‘ஃபோர்ட்டிஸ்’ என்றால் வலிமை. கோட்டைக்கு ஃபோர்ட் என்று பெயர் வந்ததும் அதனால்தான். திருகோணமலையில் கோணேசர் கோயிலுக்குப் போகிறவர்கள் ஃபிரெட்ரிக் கோட்டை வாசலுக்குள்ளால்தான் போக வேண்டும். கம்ஃபர்ட் என்ற சொல்லுக்குள்ளும் அப்படி ஒரு கோட்டை ஒளிந்திருக்கிறது.

நம் ‘ஆறுதல்’ வேறு பக்கத்திலிருந்து வருகிறது. ஆறு என்றால் சூடு தணி. தேத்தண்ணி ஆறினால் குடிக்க மாட்டோம், மனசு ஆறினால்தான் மனுஷன் எழும்புவான். தேற்றுவது என்றும் சொல்கிறோம். நோயாளி தேறிவிட்டான், பிள்ளை பரீட்சையில் தேறிவிட்டாள் என்பதற்கும் அதே சொல்தான். சொல்லில் நமக்கு ஒன்றும் பஞ்சமில்லை.

‘பெப் டோக்’ என்று ஒன்றிருக்கிறது. ஆட்டம் தொடங்க முன் கோச் விளையாட்டுக்காரரைக் கூப்பிட்டு உசுப்பேத்திப் பேசுவது. ‘பெப்’ என்பது ‘பெப்பர்’ என்பதன் சுருக்கம், அதாவது மிளகு. நம் வீட்டுப் பின்னால் மரத்தில் ஏறியிருக்கும் மிளகுக் கொடிதான்! காரமாக நாலு வார்த்தை என்று வைத்துக்கொள்ளுங்கள். அளவோடு போட்டால் ரசம், அள்ளிப் போட்டால் வாயில் வைக்க முடியாது. சில வேலைத்தலங்களில் காலை எழுந்தது முதல் பெப் டோக்தான், சம்பளம் மட்டும் பிந்தித்தான் வரும். அதற்கு வேறு பெயர் வைக்க வேண்டும்.

‘மொறால்’ என்ற சொல்லையும் பிள்ளைகள் குழப்பிக்கொள்கிறார்கள். ‘மொரல்’ என்றால் ஒழுக்கம், நீதி. கதையின் நீதி என்பார்களே அது. கடைசியில் ஓர் எழுத்துக் கூடி, உச்சரிப்பும் நீண்டு வரும் ‘மொறால்’ வேறு. ஒரு கூட்டத்தாரின் மனவுறுதி. போர்க்காலத்தில் அதிகம் அடிபட்ட சொல். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பான் விமானங்கள் திருகோணமலையில் குண்டு போட்டன. நான்கு நாள் முன்பு கொழும்பிலும் போட்டிருந்தன. கொழும்பிலே பெரிய அளவில் ஜனங்கள் ஊரை விட்டு ஓடினார்கள். அப்படிப்பட்ட நேரத்தில் அதிகாரிகள் கவலைப்படுவது மொறால் பற்றித்தான். ஒரு கம்பனி மெனேஜர் ‘வேர்க்கர்ஸ் மொறால் லோ’ என்று எழுதினால், தொழிலாளர் ஒழுக்கம் கெட்டவர்கள் என்று அர்த்தமில்லை. மனம் சோர்ந்திருக்கிறார்கள் என்றுதான் அர்த்தம். கடிதம் வந்தால் கோபிக்க முன் எழுத்தைப் பாருங்கள்.

நிலாவெளிக் கரையில் ஒரு விடியற்காலை கரைவலை இழுப்பதைப் பார்த்தோம். இரண்டு பக்கமும் வரிசையாக நின்று, ஒரே மூச்சில், ஒரே அடியில் கயிற்றை இழுக்கிறார்கள். ஏலேலோ போட்டு ஒருவர் முன்னெடுக்க மற்றவர்கள் ஐலசா போடுகிறார்கள். ஆங்கிலத்தில் ‘புல் டுகெதர்’ என்று சொல்வது இதைத்தான். எல்லாரும் சேர்ந்து இழுப்போம், ஒற்றுமையாகப் பாடுபடுவோம். நல்ல சொல். இதற்கு நடுவில் ஒரு சின்னச் சொல்லைச் செருகி ‘புல் யுவர்செல்ஃப் டுகெதர்’ என்று பாருங்கள், அர்த்தம் தலைகீழாகிவிடும். ‘சிதறிக் கிடக்கிறாய், உன்னை நீயே அள்ளிக் கட்டிக்கொள், அழுததெல்லாம் போதும்’ என்ற கண்டிப்பு அது. முதற் சொல்லில் சொல்கிறவரும் கயிற்றில் கை வைத்திருக்கிறார். இரண்டாவதில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்.

இது வெறும் இலக்கணம் என்று நினைக்க வேண்டாம். 2004 டிசம்பர் 26ஆம் திகதி சுனாமி வந்தபோது திருகோணமலை மாவட்டத்தில் கிண்ணியா, மூதூர் பக்கமெல்லாம் அடிபட்டது. கிண்ணியா வைத்தியசாலையையே கடல் அடித்துப் போட்டது. அப்போது கிண்ணியாவுக்குப் பாலம் இல்லை, படகுப் பாதைதான். பாலம் 2009இல்தான் திறந்தார்கள். சுனாமிக்குப் பின் உலகத்தின் பல மூலைகளிலிருந்தும் உதவி வந்தது. அரிசி வந்தது, கூடாரம் வந்தது, மனசுக்கு மருந்து என்று ஆங்கிலச் சொற்களும் வந்தன. கவுன்சலிங், ட்ரோமா, ரெசிலியன்ஸ். நல்ல மனசோடு வந்தவர்கள்தான் பெரும்பாலும், அதில் சந்தேகமில்லை. ஆனால் ‘பீ ஸ்ட்ரோங்’ என்பதைத் தமிழில் ‘பலமாக இருங்கள்’ என்று போட்டால் எப்படி இருக்கும்? பிள்ளையைக் கடலுக்குக் கொடுத்த தாய்க்கு அது என்ன சொல்லும்?

இதைப் பற்றி ஈதன் வோட்டர்ஸ் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் 2010இல் ஒரு புத்தகம் எழுதினார். அதில் இலங்கைச் சுனாமி பற்றி ஓர் அத்தியாயமே இருக்கிறது. கைத்ரி பெர்னாண்டோ என்ற இலங்கையில் பிறந்த உளவியலாளரின் ஆய்வை அதிலே சொல்லியிருக்கிறார். மேல்நாட்டார் துயரத்தைத் தனி ஒரு மனசுக்குள் பட்ட காயமாகப் பார்க்கிறார்கள், இலங்கை மக்களோ குடும்பத்திலும் ஊரிலும் தமக்கிருந்த இடம் குலைந்துபோனதாகத் துயரப்படுகிறார்கள் என்பது அதன் சாரம். நமக்கு இது புதிதில்லை. சாவு வீட்டில் நாம் அதிகம் பேசுவதில்லை. பக்கத்தில் உட்காருகிறோம். அடுத்த காம்பராவில் சோறு ஆக்கிக் கொண்டுவந்து கொடுக்கிறோம். ஒருத்தி அவள் பிள்ளையைக் குளிப்பாட்டுகிறாள், ஒருத்தர் கிளாக்கரிடம் போய் லீவு சொல்கிறார்.

மேல்நாட்டாரும் சும்மா இருக்கவில்லை. உலக சுகாதார நிறுவனமும் வேறு அமைப்புகளும் சேர்ந்து 2011இல் உளவியல் முதலுதவிக்கு ஒரு கைநூல் வெளியிட்டன. பார், கேள், இணை என்று மூன்றே வேலை அதில். என்ன தேவை என்று பார், சொல்வதைக் காது கொடுத்துக் கேள், உதவி கிடைக்கும் இடத்தோடும் சொந்தபந்தத்தோடும் இணைத்துவிடு. சொல்லக் கூடாதவற்றையும் எழுதியிருக்கிறார்கள். ‘உயிர் தப்பினாயே, அதிர்ஷ்டக்காரன்’ என்று சொல்லாதே. இப்படி உணரக் கூடாது என்று சொல்லாதே. செய்ய முடியாததைச் செய்வேன் என்று வாக்குக் கொடுக்காதே. இதிலே மூன்றாவதை நம் தேர்தல் மேடைகளுக்கும் அனுப்பி வைக்கலாம்.

நம் பேச்சில் ‘பாத்துக்கலாம்’ என்று ஒரு சொல் இருக்கிறதே, இதற்கு ஈடான ஆங்கிலச் சொல்லைத் திருகோணமலையில் ஆங்கிலம் படிப்பிக்கும் ஓர் ஆசிரியையிடம் கேட்டோம். கடன்காரன் வந்து நிற்கிறான், மழை கூரையால் ஒழுகுகிறது, பிள்ளைக்குக் காய்ச்சல். பக்கத்து அண்ணன் வந்து ‘வுடு தங்கச்சி, பாத்துக்கலாம்’ என்கிறார். அதில் ‘நாம்’ இருக்கிறது. அந்த ஆசிரியை சிரித்தார். அதை அப்படியே ‘வீ வில் சீ’ என்று மாற்றிச் சொன்னால், ஆங்கிலக்காரன் காதில் ‘பார்ப்போம், நடக்குமோ நடக்காதோ’ என்றுதான் விழுமாம். சம்பளம் கூட்டிக் கேட்டால் மேலிடம் சொல்லும் ‘பார்ப்போம்’ மாதிரி! ஆகவே ஆங்கிலத்தில் ‘ஐ ஆம் வித் யூ’, ‘வீ ஆர் ஹியர் ஃபோர் யூ’ என்று சொல்லச் சொன்னார். நான் உன் கூட இருக்கிறேன், நாங்கள் உனக்காக இருக்கிறோம். ‘வில் மெனேஜ் டுகெதர்’ என்று சேர்த்தாலும் பிழையில்லை என்றார்.

வேடிக்கை என்னவென்றால், நம் ‘ஐயோ’ 2016இல் ஒக்ஸ்போர்ட் ஆங்கில அகராதியில் ஏறிவிட்டது. கட்டுமரமும் எப்போதோ ஏறிவிட்டது. ‘பாத்துக்கலாம்’ ஏறவில்லை. அழுகைச் சொல்லை எடுத்துக்கொண்டு தேற்றும் சொல்லை விட்டுவிட்டார்கள்.

இனி, சாதாரண தரப் பரீட்சை முடிவு வரும் நாளைப் பற்றி ஒரு வார்த்தை. கணக்கில் பெயிலான பிள்ளை லயத்துக் கோடியில் உட்கார்ந்திருக்கும்போது, ஆங்கிலம் தெரிந்த மாமாமார் வந்து ‘பெட்டர் லக் நெக்ஸ்ட் டைம்’ என்பார்கள். அடுத்த முறை அதிர்ஷ்டம் வரட்டும் என்று அர்த்தம். கெரம் போட்டியில் தோற்றவனுக்கு அது சரி. பரீட்சை அதிர்ஷ்டத்தால் வருவதல்ல. ‘நெவர் மைண்ட்’ என்றால் பரவாயில்லை. கோப்பை கைதவறி உடைந்தால் சொல்லுங்கள். வருஷம் முழுக்க மண்ணெண்ணெய் விளக்கிலோ தெருக் கம்பத்து வெளிச்சத்திலோ படித்த பிள்ளைக்கு அது ‘உன் பாடு ஒன்றும் பெரிதில்லை’ என்று கேட்கும். ‘யூ ட்ரைட் ஹார்ட்’ என்று சொல்லலாம். கஷ்டப்பட்டு முயற்சித்தாய், நான் பார்த்தேன் என்று அதற்குள் இருக்கிறது. ‘டோன்ட் கிவ் அப்’ என்பதும் நல்லது, விட்டுவிடாதே. அதைச் சொல்கிறவர் அடுத்த தடவை பரீட்சைப் படிவம் நிரப்பும்போது பக்கத்தில் நிற்க வேண்டும். ஆங்கிலம் வராவிட்டால் முதுகில் தட்டிக் கொடுங்கள். அதையும் வெள்ளைக்காரன் ‘பெட் ஒன் த பேக்’ என்று வைத்திருக்கிறான், முதுகில் தட்டுவது எல்லா ஊரிலும் ஒன்றுதான் போலிருக்கிறது.

பிள்ளை பேசாமல் சாப்பிடாமல் நாட்கணக்கில் இருந்தால், சாக வேண்டும் என்று ஒரு சொல் வாயில் வந்தால், எந்த மொழியின் தைரியச் சொல்லையும் நம்பி வீட்டில் இருக்காதீர்கள். தனியே விடாமல் வைத்தியசாலைக்குக் கூட்டிப் போங்கள். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்குப் போன் எடுத்தும் பேசலாம்.

அந்தத் தாய்க்கு வருவோம். மகனிடம் என்ன சொல்ல வேண்டும் என்று எழுதிக் கொடுத்தோம். ‘பக் அப்’ என்று கேட்டால் ‘யெஸ் சேர், கமிங்’ என்று சொல்லிக் கையை வேகமாக ஓட்டு. வேலை முடிந்து ஆறுதலாக இருக்கும் நேரம் பார்த்து, ‘சேர், ப்ளீஸ் ஷோ மீ ஒன்ஸ்’ என்று கேள், ஒரு தடவை செய்து காட்டுங்கள் என்று அர்த்தம். தாய் அதைப் போனில் எழுத்துக் கூட்டி வாசித்தார். மகன் அப்படியே கேட்டிருக்கிறான். மேலே உள்ளவரும் மீன் வெட்டுவதைப் பக்கத்தில் நின்று காட்டிக் கொடுத்தாராம்.

போன வாரம் அதே தாய் மறுபடி வந்தார். குசினிக்குப் பதுளைப் பக்கத்திலிருந்து புதிதாக ஒரு சின்னப் பையன் வந்திருக்கிறானாம். இப்போது இவர் மகன்தான் அவனைப் பார்த்து நாளெல்லாம் ‘பக் அப், பக் அப்’ என்று கத்துகிறானாம். “இதுக்கு என்னா எழுதிக் குடுக்கப் போறீங்க?” என்று கேட்டார்.